கண்சிமிட்டலைக் கணக்கெடுத்தவன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏழு வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கண்ணைச் சிமிட்டுகிறாள் என்று பென்சிலால் கோடு போட்டு எண்ணிய ஆள் நான். அதுவும் பெற்ற மகளை. ஒரு நாள் இரண்டு நாள் கூத்து அல்ல, மாதக்கணக்கில். நாலு கோடு நிற்கும், ஐந்தாவது குறுக்கே படுக்கும். அது ஒரு கட்டு. இருபது கட்டு சேர்ந்தால் நூறு. பக்கத்தின் அடியில் கூட்டிப் போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். எதிர்க் கையெழுத்து இல்லாமல் எந்தக் கணக்கும் செல்லாது என்பதால் நோட்டை மனைவியிடம் நீட்டினேன். அவள் கையில் தோசைக் கரண்டி இருந்தது. “இதால போடவா கையெழுத்து?” என்று கேட்டாள். எதிர்க் கையெழுத்து இல்லாமலே கணக்கை முடித்துக்கொண்டேன்.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் நான் டேலி கிளார்க். கப்பலில் ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணுவது வேலை. சர்க்கரை மூட்டை, மரத்தடி, இயந்திரப் பெட்டி, காற்றாலை இறக்கை, எது வந்தாலும் எண்ணுவேன். கப்பல் பக்கம் நான், கரைப் பக்கம் இன்னொரு கிளார்க் என்று நிற்போம். இருவர் கணக்கும் ஒத்துப்போனால்தான் நான் கை காட்டுவேன். நான் கை காட்டினால்தான் லாரி நகரும். இருபத்திரண்டு வருடம் இதையே செய்தவனுக்கு எண்ணுவது வேலையாக மட்டும் நிற்பதில்லை, உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. கல்யாண வீட்டில் பந்தி இலையை எண்ணுவேன். துக்க வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியை எண்ணுவேன். ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போய் முடிந்த பிறகும் பெட்டிக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டு நிற்பேன்; பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கும்.

மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம் இது ஆரம்பித்தது. கண்ணில் சோப்பு நுரை போனவள் மாதிரி இரண்டு கண்ணையும் இறுக்கி மூடித் திறப்பாள். இரண்டு தடவை, மூன்று தடவை, சற்று நிறுத்தி மறுபடி இரண்டு தடவை.

“ஏளா, கண்ணுல என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாமலா இப்படி வெட்டுத?”

கேட்டவுடன் இன்னும் நாலு தடவை சிமிட்டினாள்.

அந்த ஒரு வாரத்தில் நான் கண்டுபிடித்த நோய்கள் ஐந்து. முதலில் டி.வி. என்றேன், கேபிள் வயரைப் பிடுங்கினேன். அப்புறம் செல்போன். அப்புறம் தூக்கம் போதவில்லை. அப்புறம் வயிற்றுப் பூச்சி; அதற்கும் மருந்து கொடுத்தோம், கண்ணுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று மனைவி கேட்டதற்கு எல்லாம் ஒரே உடம்புதானே என்றேன். கடைசியாக உப்பளக் காற்று. ஆனி ஆடியில் எங்கள் ஊரில் காற்று சும்மா வருவதில்லை, உப்பையும் புழுதியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். எல்லா ஜன்னலையும் சாத்தினேன். மூன்று நாள் குடும்பத்தோடு வெந்தோம். நாலாம் நாள் என் மனைவி எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தாள். அவள் கணக்கு டீச்சர். விடை தப்பு என்றால் விளக்கம் சொல்ல மாட்டாள், அழித்துவிடுவாள்.

கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒரு கருவியில் பிள்ளையின் முகத்தைப் பல்லி மாதிரி ஒட்ட வைத்துப் பார்த்துவிட்டு, கண் சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு, “ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படிச் செய்றா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. என் சர்வீஸில் ஒருவர் எண்ணிக்கை கேட்டு நான் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்று இருந்தது. அவர் சும்மா பேச்சுவாக்கில் கேட்டிருப்பார். நான் அன்று சாயங்காலமே ஆபீஸிலிருந்து ஒரு பழைய டேலி புக்கை வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

மகள் வீட்டுப் பாடம் எழுதும்போது எதிரே உட்கார்ந்துகொள்வேன். கையில் பென்சில். அவள் ஒரு வரி எழுதுவதற்குள் நான் இரண்டு கட்டுப் போட்டிருப்பேன். பவர் இல்லாத கண்ணாடி ஒன்றும் வாங்கி மாட்டிவிட்டேன், தூசு போகாது என்று. அதில் ஒரு நன்மை கிடைத்தது: கண்ணாடிச் சட்டத்துக்குள் கண் எடுப்பாகத் தெரிந்ததால் என் எண்ணிக்கை இன்னும் துல்லியமானது. ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் கொண்டு விடும்போதும் விடவில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவளின் முகம் தெரியும்படி இடது கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். கப்பல் சரக்கு ஏற்றிய டிரெய்லர்கள் ஓடுகிற ரோட்டில், பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டிய கண்ணாடியில் பிள்ளையின் இமையைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். இருவரும் உயிரோடு இருப்பது என் திறமையால் அல்ல.

எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூனை வைத்தும் ஒரு வைத்தியம் உண்டு. பத்து நிமிடம் சிமிட்டாமல் இருந்தால் ஒரு மக்ரூன். மகள் இருந்தாள். முகம் சிவக்க, கையை மடக்கிக்கொண்டு, தண்ணீருக்கடியில் மூச்சுப் பிடித்தவள் மாதிரி. பத்தாவது நிமிடம் மக்ரூனை வாங்கிக்கொண்டு அழிரப்பர் எடுக்க உள் அறைக்குப் போய்விடுவாள். நான் பெருமையாக அந்தக் கட்டத்தில் ஒரு பூஜ்யம் போடுவேன். தினம் தினம் அழிரப்பர் எப்படித் தொலைகிறது என்று ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை. எண்ணத் தெரிந்தவனுக்கு யோசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

என் அக்கா போனில் யோசனை சொன்னாள். “குலசை அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டு தசராவுக்கு வேசம் கட்டுலே. எல்லாம் சரியாப் போவும்.”

நேர்ந்துகொண்டேன். குலசை தசராவுக்கு வேடம் கட்டி, கடை கடையாகக் காணிக்கை வாங்கிக் கோவிலில் செலுத்துவது எங்கள் பக்கத்து வேண்டுதல். காளி வேடம் என்றால் நீண்ட விரதம், அது என் நாக்குக்குத் தாங்காது. ராஜா வேடத்துக்கு என் வயிறு இடம் கொடுக்கவில்லை. குரங்கு என்று முடிவு செய்தேன். “வேசத்துக்குன்னு தனியா மெனக்கெட வேண்டாம்லா,” என்றாள் மனைவி.

நேர்ந்துகொண்ட பத்தாவது நாள் கண்சிமிட்டல் குறைந்தது. பதினைந்தாம் நாள் நின்றேவிட்டது. டேலி புக்கில் வரிசையாகப் பூஜ்யம். எனக்குக் கால் தரையில் இல்லை. வால் வைத்துத் தைத்த உடுப்பும் முகமூடியும் போட்டுக்கொண்டு, தட்டு ஏந்தி, கடைத்தெருவில் காணிக்கை கேட்டு இறங்கினேன். அங்கே எனக்குக் கிடைத்த பேர் நான் எதிர்பாராதது.

“ஏலே, அந்தக் குரங்கு தலைய வெட்டுதத பாருல. அப்படியே நெசக் குரங்கு.”

பாத்திரக் கடை அண்ணாச்சி ஒருவர் கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். “எத்தனயோ வேசம் பாத்தாச்சு. சும்மா நிக்கையிலயும் நடிக்கது நீரு ஒருத்தருதான்வே,” என்றார்.

நான் நடிக்கவே இல்லை. வெயிலில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். பிறவியிலேயே ஏதோ கலை இருந்திருக்கிறது, துறைமுகத்தில் வீணாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறவியிலேயே என்று நினைத்தது மட்டும் சரி.

தசரா முடிந்து மூன்றாவது வாரம், மகள் மூக்கைச் சுளிக்க ஆரம்பித்தாள். கூடவே தொண்டையிலிருந்து ஒரு சத்தம். ‘ம்க்’. மீன் முள் சிக்கினவர்கள் செருமுவார்களே, அதில் பாதி. நான் அம்மனைக் குறை சொல்லவில்லை. கண்ணுக்கு மட்டும்தான் நேர்ந்திருந்தேன். மூக்கையும் தொண்டையையும் விண்ணப்பத்தில் சேர்க்காதது என் தவறு. டேலி புக்கில் இரண்டு புதுக் கட்டம் கிழித்தேன்.

அந்த மாதம்தான் வகுப்பு டீச்சர் எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். பாடம் வாசிக்கச் சொன்னால் நடுவில் சத்தம் வருகிறது, வாக்கியம் உடைகிறது, திக்குவாயாக இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது. பின்பெஞ்சில் இரண்டு பேர் அதே மாதிரி ‘ம்க்’ என்கிறார்கள். இப்போது வாசிக்கச் சொன்னால் அவள் எழுந்திருப்பதே இல்லை.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. என் மகள் எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கண்ணில் படுகிற போர்டையெல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டு வருவாள். டயர் கடை, டாக்டர் போர்டு, கட்சிச் சுவர், லாரி முதுகு, ஒன்றையும் விட மாட்டாள். ‘இங்கு மிக்சி ரிப்பேர் பார்க்கப்படும்’ என்பதைப் பிரசங்கம் மாதிரி வாசிப்பாள். அந்தச் சத்தம் பல நாளாக வரவில்லை. கண்ணாடியில் இமையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வாய் மூடியிருந்தது தெரியவில்லை.

“இனிமே நான் பாத்துக்கிடுதேன். நீங்க சும்மா கூட வந்தாப் போதும்,” என்றாள் மனைவி.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனோம். நான் சும்மா போகவில்லை. டேலி புக்கைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாதவாரிச் சுருக்கம் ஒன்றும் தனித்தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. மகளிடம் பென்சிலும் தாளும் கொடுத்து வரையச் சொல்லிவிட்டு மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். எப்போது ஆரம்பித்தது, தூக்கத்தில் வருமா, காய்ச்சல் ஏதும் வந்ததா, விளையாடும்போது கூடுமா. அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் என் மகள் ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை. மூக்குச் சுளிப்பு இல்லை. ‘ம்க்’ இல்லை. கோவில் சிலை மாதிரி உட்கார்ந்து கப்பல் வரைந்துகொண்டிருந்தாள். எனக்கு வேர்த்துவிட்டது. கோர்ட்டில் சாட்சி மாறினால் வக்கீலுக்கு இப்படித்தான் இருக்கும்.

“டாக்டர், இப்பத்தான் வரல. நேத்து மட்டும் நூத்தி நாப்பது,” என்று புக்கை நீட்டினேன்.

அவர் வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், பத்துப் பக்கம்.

“என்ன சார் இது, மூட்டைக் கணக்கா?”

“இல்ல டாக்டர். கண்ணு. பின்னால மூக்கு, தொண்டை தனித்தனியா இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை, சிரித்திருக்கலாம். என் மகளின் பக்கம் திரும்பினார்.

“அப்பா இதை எழுதும்போது நீ என்ன பண்ணுவ பாப்பா?”

“அடக்குவேன்.”

“அடக்கினா எப்படி இருக்கும்?”

மகள் யோசித்தாள். “தும்மல் வார மாதிரி வந்து வராம நிக்கும்லா, அப்படி இருக்கும்.”

“அப்புறம்?”

“பீரோவுக்குப் பின்னால போயி எல்லாத்தையும் விட்டுட்டு வருவேன். அழிரப்பர் எடுக்கப் போறேன்னு சொல்லுவேன்.”

கப்பலுக்குப் புகை வரைவதை அவள் நிறுத்தவில்லை. நான் என் மாதவாரிச் சுருக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதில் இருந்த பூஜ்யம் அத்தனையும் பீரோவுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

பேச்சுப் பயிற்சி தருகிற இளம்பெண் ஒருத்தி மகளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனாள். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது. படம் ஒன்றைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. என் மகள் சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுநடுவே ஒரு ‘ம்க்’, உடனே விட்ட இடத்திலிருந்து கதை. வீட்டில் பல நாளாகக் கேட்காத குரல். அந்தப் பெண் திரும்பி வந்தபோது சற்றுக் களைத்திருந்தாள்.

“திக்குவாய் இல்ல மேடம். திக்கினா முதல் எழுத்துல மாட்டிக்கிட்டுத் திரும்பத் திரும்ப வரும், இல்லேன்னா வார்த்தையே வராம நிக்கும். இவளுக்கு நடுவுல அந்தச் சத்தம் வருது, மத்தபடி நல்லாப் பேசுறா. ஒரு மீன் கதை சொன்னா. மீன் செத்த பிறகும் கதை போய்க்கிட்டே இருக்கு.”

மனைவி தன் செல்போனைக் கொடுத்தாள். பிள்ளைக்குத் தெரியாமல் சமையலறையிலிருந்து எடுத்த வீடியோ, ஒரே ஒரு நிமிடம். நான் கோடு கோடாக எழுதிய அத்தனை பக்கத்தையும் மூடி வைத்த டாக்டரம்மா, அந்த ஒரு நிமிடத்தை மூன்று தடவை பார்த்தார்.

“இதுக்கு டிக்னு பேரு,” என்றார். “கெட்ட பழக்கம் இல்ல, வேணும்னு செய்யறதும் இல்ல. இந்த வயசுல நிறையப் பிள்ளைகளுக்கு வரும். கூடும், குறையும். ஒண்ணு போய் இன்னொண்ணு வரும். நிறையப் பேருக்குப் பெரியவங்களா ஆக ஆகத் தானாக் குறைஞ்சிடும். சிலருக்குக் கொஞ்சம் தங்கும். அதனால தொந்தரவு வந்தா அதுக்கும் பயிற்சி இருக்கு, மருந்தும் இருக்கு. இப்ப வேண்டாம்.”

“ஸ்கேன் ஒண்ணு பாத்துரலாமா டாக்டர்?”

“எதுக்கு?”

“இல்ல, சும்மா. ஒரு இதுக்கு.”

“சார், நீங்க ஒரு காரியம் செஞ்சாப் போதும். கவனிக்காதீங்க. சொல்லிக் காட்டாதீங்க. பரிசு கொடுத்து அடக்க வைக்காதீங்க. சுட்டிக் காட்டக் காட்ட அது கூடும். பள்ளிக்கூடத்துக்கு நான் எழுதித் தர்றேன்.” பிறகு பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார். “குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?”

“எங்க வம்சத்துல யாருக்கும் கெடையாது டாக்டர்,” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

மனைவி ஜன்னலைப் பார்த்தாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

“உங்களுக்குக் கழுத்து வலி ஏதும் இருக்கா சார்?”

“இல்லையே.”

“தலையை இப்படி வலது பக்கம் வெட்டிக்கிறீங்களே.”

“நானா?”

அதற்குமேல் மனைவியால் அடக்க முடியவில்லை. “பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே உண்டு டாக்டர். எங்க அப்பா இவங்கள்ட்ட, பிள்ளையப் பிடிச்சிருக்கான்னு கேட்டாவ. இவங்க தலைய ஒரு வெட்டு வெட்டுனாங்க. சம்மதம்னு நெனச்சு எங்க அப்பா எல்லாருக்கும் காபி கொண்டாரச் சொல்லிட்டாவ.”

பதினாறு வருடமாக நான் யோசித்து எடுத்த முடிவு என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று, யோசிக்காத கழுத்து எடுத்த முடிவு என்று அன்று தெரிந்தது. யோசித்திருந்தாலும் அதே முடிவுதான் என்பதை இங்கே எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்கிறேன். மனைவி இதைப் படிப்பாள்.

அந்த நேரம் மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பல மாதம் கழித்து என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அப்பாவுக்கும் வருமா?” என்று டாக்டரிடம் கேட்டாள்.

“வருது போல இருக்கே.”

மகள் பெஞ்சில் கொஞ்சம் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. டாக்டரும் மனைவியும் சேர்ந்து சொன்னால் உண்மையாகிவிடுமா? மறுநாள் கப்பல் கட்டுகிற பெர்த்தில் சர்க்கரை மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. டீ இடைவேளையில் லாரி டிரைவர்களும் மூட்டைக்காரர்களும் நிழலில் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் நேராகக் கேட்டேன்.

“ஏலே, நான் தலைய வெட்டுதேனா?”

ஒருவன் டீயை உற்றுப் பார்த்தான். ஒருவன் செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டினான். மூத்த டிரைவர் ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

“எந்தத் தலை அண்ணாச்சி?”

“எனக்கு இருக்கது ஒண்ணுதான்வே. மறைக்காம சொல்லும்.”

அவர் மற்றவர்களைப் பார்த்தார். பிறகு சொன்னார். “புதுசா வார டிரைவருக்கு மொத நாளே சொல்லிருவோம் அண்ணாச்சி. கப்பல் பக்கம் நிக்காவள்லா, அவிய தலைய வெட்டுனா வண்டிய எடுத்துராத, கை காட்டுனா எடுன்னு. ரொம்ப வருசம் முன்னால ஒருத்தன் தெரியாம பாதி லோடோட எடுத்துட்டான். தார்ப்பாய் அங்கன, வண்டி இங்கன. அதுலேருந்து சொல்லிக்கிடுதது. தலைக்குக் கணக்கு கெடையாது, கைக்குத்தான் கணக்கு.”

“அத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்லி என்னத்துக்கு? எண்ணிக்க சரியாத்தான இருக்கு.”

கரைப் பக்கம் என்னோடு எண்ணுகிற கிளார்க்கு, என் வயதுக்காரர், எங்கோ பார்த்துக்கொண்டு சேர்த்துக்கொண்டார். “கப்பலோட ரெண்டு ஹேட்ச்சுலயும் ஒரே நேரம் மூட்டை ஏறுனா ஓமக்குத் தலை கூடும்வே. அன்னைக்கு நான் கொஞ்சம் மெதுவா எண்ணுவேன்.”

இவர்கள் யாரும் சாது அல்ல. என் தொந்திக்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், ஸ்கூட்டருக்கு ஒரு பேர், நான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தேடுவதற்கு ஒரு பேர். எவனுடைய சொட்டையையும் திக்கையும் சும்மா விடாத இடம் அது. என் தலைவெட்டுக்கு மட்டும் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பேர் வைக்கவில்லை. டாக்டரம்மா படித்துச் சொன்ன வைத்தியத்தை இவர்கள் டீ குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறார்கள். நோயாளிக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து டேலி புக்கை மகளிடம் கொடுத்தேன், பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, வரைந்துகொள் என்று. அவள் முன்பக்கத்தைத்தான் புரட்டினாள்.

“இதெல்லாம் நானா?”

“ஆமா மக்கா.”

“இவ்ளோவா?” இன்னும் சில பக்கம் புரட்டினாள். “உனக்கு வேற வேலையே இல்லையாப்பா?”

கவனிக்காமல் இருப்பது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாப்பிடும்போது ‘ம்க்’ என்றால் நான் சட்டென்று மின்விசிறியைப் பார்ப்பேன். சிமிட்டினால் காலண்டரைப் பார்ப்பேன். ஆட்காட்டி விரலும் கட்டை விரலும் தானாகச் சேர்ந்து பென்சில் பிடிக்கும், அந்தக் கையின்மேல் உட்கார்ந்துகொள்வேன். ஒரு வாரம் கழித்து மகள், “ஏம்ப்பா எப்பப் பாத்தாலும் மேலயே பாக்க?” என்று கேட்டாள். “நீங்க கவனிக்காம இருக்கதுதான் தெருவுக்கே தெரியுது,” என்றாள் மனைவி. பிறகு ஒரு வழி கண்டேன். மகளுக்குப் பதிலாக அவள் சொல்வதைக் கவனிப்பது. சாதாரணத் தகப்பன்மார் முதல் நாளிலிருந்து செய்வதுதான். நான் தாமதமாக வேலைக்குச் சேர்ந்தேன்.

டாக்டரம்மாவின் கடிதத்தை டீச்சர் படித்தார். வகுப்பில் அதைப்பற்றிப் பேசவில்லை. பின்பெஞ்சுக்காரர்களைப் பிரித்து முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்ததோடு சரி. மகளை வாசிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் இல்லை. சுற்று வரும்போது அவளிடம் ஒரு நொடி நிறுத்துவார், அவள் எழுந்திருக்காவிட்டால் அடுத்த பிள்ளைக்குப் போவார். அப்படியே நாள்கள் போயின. தினமும் சாயங்காலம் கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். இன்னைக்கு எழுந்திரிச்சியா? வாசிச்சியா? சத்தம் வந்துச்சா? ஸ்கூட்டர் கண்ணாடியை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அதில் டிரெய்லர்கள் மட்டும் தெரிந்தன. அவை எவ்வளவு பெரிது என்பதையும் அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது, துறைமுக ரோட்டுச் சந்திப்பு தாண்டியதும் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“டயர்... ம்க்... டயர் ரீட்ரெடிங் செய்து தரப்படும்.”

நான் வேகத்தைக் குறைத்தேன்.

“இங்கு சுத்தமான... ம்க்... நல்லெண்ணெய் கிடைக்கும். வலம்புரி... இது லாரிப்பா, போயிட்டு.”

“ஆமா, போயிட்டு.”

“நான் இன்னைக்கு வாசிச்சேன்.”

“ம்.”

“ஒரு பக்கம் ஃபுல்லா. கொக்குப் பாடம். கொக்குக்குக் கால் வலிக்கும்லாப்பா, ஒத்தக் கால்ல நின்னா?”

“வலிக்கும்னு நினைக்கேன்.”

“பாடத்துல அதப் பத்தி ஒண்ணுமே போடல.”

எத்தனை தடவை சத்தம் வந்தது, பிள்ளைகள் சிரித்தார்களா, டீச்சர் என்ன சொன்னார், மூன்று கேள்வி என் தொண்டையில் வரிசையில் நின்றன. விழுங்கினேன். விழுங்கினவுடன் கழுத்து என்னைக் கேட்காமல் வலது பக்கம் ஒரு வெட்டு வெட்டியது. ஹெல்மெட்டோடு சேர்ந்து வெட்டியதால் எனக்கே தெரிந்தது. இப்போதெல்லாம் தெரிகிறது.

பின்னால் இருப்பவளுக்குக் கண் முன்னால் தெரிவது என் தலை ஒன்றுதான். பள்ளிக்கூட வாசலிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு வந்திருப்பாள். எண்ணுகிறவன் பிள்ளை வேறு. ஆசையை அடக்க முடியவில்லை.

“ஏளா, ஸ்கூல்லேருந்து இங்கன வாரதுக்குள்ள அப்பா எத்தனை தடவ தலைய வெட்டுனேன்?”

“நான் எண்ணல.”